மயில் குஞ்சுக்கு இரண்டு காலும் விரிந்தே கிடக்கிறது, நிற்க வைக்க முடியுமா?

கிளுவைவேலி எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். கோழிப் பகுதியில் மயிலைப் பற்றிக் கேட்கிறேனே என்று நினைக்க வேண்டாம், வேறு எங்கே கேட்பதென்று தெரியவில்லை.

கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலி ஓரமாகப் பொக்லைன் ஓட்டியபோது கிளுவைப் புதருக்கு அடியில் நான்கு மயில் முட்டை இருந்தது. வண்டிச் சத்தத்தில் ஓடிய தாய் மயில் இருட்டும் வரை திரும்பவில்லை. காக்கா வேறு சுற்ற ஆரம்பித்தது. அப்பா முட்டைகளைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழிக்கு அடியில் வைத்துவிட்டார். "முருகன் வாகனத்தைக் காக்காய்க்குப் போடுவதா" என்பது அவர் கட்சி. ஒன்று கூமுட்டை. மற்ற மூன்றும் நேற்று முன்தினம் பொரித்தன.

ஒரு குஞ்சு நன்றாக ஓடுகிறது. இந்த வயதிலேயே இறக்கையை அடித்துக்கொண்டு உரச் சாக்கு மேல் ஏறப் பார்க்கிறது. இன்னொன்று நடக்கிறது, ஆனால் வலது கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொள்வதால் விரலின் மேல்புறத்தைத் தரையில் மிதித்து நொண்டுகிறது. கடைசிக் குஞ்சுதான் கவலை. இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் விலகி வயிறு தரையில் ஒட்டிக் கிடக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தால் கால் இன்னும் அகலப் போகிறதே தவிர உடம்பு மேலே வருவதில்லை. கண் தெளிவாக இருக்கிறது, சத்தமாகக் கத்துகிறது, தொப்புள் காய்ந்திருக்கிறது.

கீரித் தொல்லை இருப்பதால் கோழியையும் குஞ்சுகளையும் பழைய மோட்டார் ரூமில் விட்டிருக்கிறோம். சிமெண்டுத் தரை, மேலே நியூஸ்பேப்பர் விரித்திருக்கிறோம். மருந்துக் கடையில் கால் சரியில்லை என்று சொன்னதும் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். இன்னும் பாட்டிலைத் திறக்கவில்லை. பாட்டி "அது தேறாது, விட்டுடு" என்கிறார். அப்படி விட மனம் வரவில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?


தஞ்சைவயல் எழுதியது:

நண்பரே, கால் இருக்கட்டும். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை. முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தது என்றெல்லாம் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.


காங்கேயம் கோழிக்காரம்மா எழுதியது:

தம்பி, தஞ்சைக்காரர் சொல்வதை முதலில் செய்யுங்கள். காட்டு விலங்கு, பறவை எதுவாக இருந்தாலும் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே 39ஆம் பிரிவில் இருக்கிறது. வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போட்டு, பொக்லைன் ஓடியது, தாய் திரும்பாதது, அப்பா அடை வைத்தது எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லுங்கள். மறைத்து வைத்துப் பிறகு மாட்டினால்தான் சிக்கல்.

ஆனால் அவர்கள் வரும் வரை காலைச் சும்மா விட்டால் முற்றிவிடும். விரிகாலுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் காலம். அதற்குள் மூட்டும் நரம்பும் பிஞ்சாக இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு வாரம் போனால் இடுப்பு அதே வாக்கில் இறுகிவிடும். ஆகவே போனையும் போடுங்கள், காலையும் கட்டுங்கள்.

நான் மயில் வளர்த்தவள் இல்லை. கூலிக்கு முட்டை பொரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வான்கோழி, கினிக்கோழி, சிறுவிடை, பெருவிடை எல்லாம் வரும். வான்கோழிக்கும் மயிலுக்கும் 28 நாள் கணக்குதான், இரண்டுமே நீளக்கால், கனத்த உடம்பு. கால் கோளாறு கோழிக் குஞ்சை விட வான்கோழிக் குஞ்சுக்கு அதிகம் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்தப் பேப்பரைச் சுருட்டி வெளியே போடுங்கள். பாதிக் குற்றவாளி அதுதான். பொரித்த குஞ்சு முதல் நாளில் நூறு தடவை எழுந்து விழும். கீழே பிடிமானம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் தொடைக்கு வலு ஏறும். வழவழப்பாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கால் வெளியே வழுக்கும், அதுவே பழகிவிடும். சணல் சாக்கை நன்றாக உதறி, மடிப்பில்லாமல் இழுத்து விரியுங்கள். ஓரத்தில் பிரிந்த நூலை வெட்டிவிடுங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும். உமி இப்போது வேண்டாம், தீவனம் எது என்று தெரியாத வயசு, உமியைத் தின்று வயிறு அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, கட்டுவதற்கு முன்னால் பார்ப்பது. கால் சரியில்லை என்றால் ஒரே நோய் என்று நினைத்து ஒரே டானிக்கை ஊற்றுகிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். எந்த இடத்தில் கோளாறு என்று முதலில் பாருங்கள். குஞ்சை மல்லாத்தாமல் இடது உள்ளங்கையில் உட்கார வைத்து, வலது கையால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பாருங்கள். இடுப்பிலிருந்தே கால் வெளியே போகிறது, நடு மூட்டு இரண்டும் ஒரே அளவு, வீக்கமில்லை, நீங்கள் காலை உடம்புக்கு அடியில் கொண்டுவந்தால் தடையில்லாமல் வருகிறது என்றால் அது வெறும் விரிகால். கட்டினால் சரியாகும். நடு மூட்டு வீங்கியோ தட்டையாகவோ இருந்து, மூட்டுக்குக் கீழே கால் திருகிக்கொண்டு பக்கவாட்டில் போனால் அது வேறு சங்கதி. அதைக் கட்டாதீர்கள், இங்கே எழுதுங்கள்.

விரிகால் என்றால் இப்படிக் கட்டுங்கள். மெடிக்கலில் தோல் நிறத்தில் ஒட்டும் பிளாஸ்திரி, அந்தச் சின்ன பேண்ட் எய்டு போதும். நீளவாக்கில் இரண்டாகக் கத்தரித்தால் இரண்டு முனையிலும் பசை, நடுவில் பஞ்சு என்று ஒரு மெல்லிய பட்டை கிடைக்கும். ஒரு முனையை ஒரு காலில் சுற்றுங்கள், மறு முனையை மறு காலில். நடு மூட்டுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே, செதில் இருக்கிற பகுதியில்தான் கட்டு வர வேண்டும். பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் நடுவே பாலமாக நிற்கும். எவ்வளவு இடைவெளி என்று அளவுகோல் தேட வேண்டாம். நன்றாக ஓடும் குஞ்சு சும்மா நிற்கும்போது அதன் இரண்டு காலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் அளவு. மிக அகலமாக விரிந்திருந்தால் முதல் நாள் கொஞ்சம் தாராளமாக விட்டு, மறுநாள் குறைக்கலாம். ஒரேயடியாக நெருக்கிக் கட்டினால் முன்னால் குப்புற விழும்.

சிவப்பு, நீலம் என்று கலர் டேப் எதுவும் வேண்டாம். கூட இருக்கும் குஞ்சுகள் அதையே கொத்திக்கொண்டிருக்கும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, ஒரே ராத்திரியில் காலை அறுத்துவிடும். நூலும் அப்படித்தான்.

கட்டியதும் ஒரு மணி நேரம் பார்க்கச் சகிக்காது. உருளும், பின்னால் சாயும், கத்தும். அவிழ்த்துவிடத் தோன்றும், அவிழ்க்காதீர்கள். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைப்பாக வைத்து நடுவில் நிற்க வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், கால் கட்டிய குஞ்சு அரை விரல் தண்ணீரில்கூட முகம் கவிழ்ந்து போய்விடும். பொரித்து இரண்டு நாள் வரை வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, தின்னவில்லை என்று பயப்பட வேண்டாம். இன்றோடு அது தீரும். அதனால் நாளையிலிருந்து தீனி வாய்க்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

தினம் ஒரு தடவை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியோ சில்லென்றோ நிறம் மாறியோ இருந்தால் கட்டு இறுக்கம். பிரிக்கும்போது இழுக்காதீர்கள், தோலோடு வந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பசை மேல் மட்டும் தடவி, கொஞ்சம் ஊறவிட்டுப் பிரித்தால் வழுக்கிக்கொண்டு வரும். மயிரில் எண்ணெய் படக்கூடாது, பட்டால் சூடு நிற்காது, நடுங்கும்.

விரல் மடங்கின குஞ்சுக்குச் செருப்பு தைக்கலாம். கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கிறதா வீட்டில்? பாதத்தை விடக் கொஞ்சம் பெரிதாக முக்கோணமாக வெட்டுங்கள். பாதத்தை அதன் மேல் வைத்து, முன் விரல் மூன்றையும் விரித்து, பின் விரலைப் பின்னால் நீட்டி, மேலே பேப்பர் பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டி விரல்களுக்கு நடுவே அழுத்திவிடுங்கள். ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் ஒட்ட வேண்டும். நனைந்தால் அட்டை ஊறிவிடும், மாற்ற வேண்டும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் விரல் நேராகும்.

டானிக்கைத் திறக்காமல் இருந்தீர்களே, அது நல்லது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.


கிளுவைவேலி எழுதியது:

மிகவும் நன்றி அக்கா. வனச்சரக அலுவலகத்துக்குப் பேசிவிட்டேன். ஆள் அனுப்புகிறோம், அதுவரை வெளியே விட வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன், நிதானமாகத்தான் பேசினார்கள்.

விரிகால் குஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். நடு மூட்டு இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது, வீக்கம் தெரியவில்லை. காலை அடியில் கொண்டுவந்தால் வருகிறது, விட்டால் மெதுவாக விலகுகிறது. நீங்கள் சொன்னபடி கட்டியாகிவிட்டது. முதல் தடவை பசை விரலில் ஒட்டி எடுக்க வேண்டியதாயிற்று, தங்கைதான் நகத்தால் பக்குவமாகச் சுற்றிவிட்டாள். இப்போது சாக்கில் நிற்கிறது. இரண்டு காலையும் சேர்த்து எடுத்து வைத்து எட்டு எட்டாகத் தாவுகிறது.

இரண்டு சந்தேகம். நடு மூட்டுக் கோளாறு என்று ஒன்று சொன்னீர்களே, அது பிறகு வருமா? இன்னொன்று, கோழி கொத்திக் காட்டும் குருணையை ஓடுகிற குஞ்சுகூடச் சரியாகத் தின்னவில்லை.


நாமக்கல் ஓய்வூதியர் எழுதியது:

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா சொன்ன கட்டு முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் வேறு சங்கதி என்று விட்டதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

நடு மூட்டின் பின்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தின் மேல்தான் கெண்டைத் தசையிலிருந்து வரும் தசைநாண் ஓடுகிறது. கட்டை விரலை மூட்டின் பின்னால் வைத்து இப்படியும் அப்படியும் லேசாக உருட்டினால் கயிறு மாதிரி நடுவில் தட்டுப்படும். அது பள்ளத்தை விட்டு ஒரு பக்கமாக நழுவிவிட்டால், மூட்டின் பின்புறம் தட்டையாகத் தெரியும், நாண் பக்கவாட்டில் தட்டுப்படும், காலை நீட்ட முடியாமல் திருகும். பெரோசிஸ் என்று நாங்கள் படித்தது இதைத்தான். பண்ணையில் நரம்பு நழுவல் என்றால் புரியும். மாங்கனீசு, கோலின், பயோட்டின் இவற்றில் ஏதாவது குறைந்தால் வரும். கோழியை விட வான்கோழி மாதிரி கனத்த இனங்களில் அதிகம் பார்க்கலாம். பிறந்த அன்றும் வரும், முதல் சில வாரங்களில் உடம்பு வேகமாக ஏறும்போதும் வரும்.

கால்சியம் டானிக்கை ஏன் எதிர்க்கிறார்கள் என்றால், தீனியில் கால்சியமும் பாஸ்பரசும் அளவுக்கு மீறினால் மாங்கனீசு உடம்பில் சேராமல் போகும். நல்லது செய்கிறோம் என்று ஊற்றி, இல்லாத நரம்பு நழுவலை வரவழைத்துவிடுவோம். கால்சியமும் வைட்டமின் டி3யும் குறைந்து எலும்பு வளைவது உண்மைதான், ஆனால் அது இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தலைகாட்டும் நோய். இரண்டு நாள் குஞ்சுக்கு அந்தப் பேச்சே இல்லை.

நழுவிய நரம்பைச் சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால், காலைப் பின்னால் மெல்ல நீட்டிப் பிடித்துக்கொண்டு, நாணைக் கட்டை விரலால் பள்ளத்துக்குத் தள்ளி உட்கார வைக்கலாம். உட்காரும்போது கைக்குத் தெரியும். பிறகு நாண் திரும்ப நழுவாதபடி கட்ட வேண்டும். ஆனால் இதை முதல் தடவை நீங்களாகச் செய்யாதீர்கள், கால்நடை மருத்துவர் கையில் விடுங்கள். உட்கார்ந்தாலும் பலதுக்கு மறுபடி நழுவும், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு காலும் நழுவி, குஞ்சு மூட்டால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிட்ட நிலையில் அதை இழுத்தடிப்பது நமக்குத்தான் ஆறுதல், அதற்கு வேதனை.

விரல் விஷயத்தில் ஒரு கூடுதல் கவனம். ஒரு காலில் மட்டும் மடங்கி, குஞ்சு மற்றபடி துடிப்பாக இருந்தால் முட்டைக்குள் கால் நெருங்கிக் கிடந்ததுதான் காரணம், அட்டைச் செருப்பு போதும். இரண்டு காலிலும் விரல்கள் கை மூடியது போலச் சுருண்டு, குஞ்சு நடு மூட்டில் உட்கார்ந்து நகர்ந்தால் அது வைட்டமின் பி2 குறைவு, ரைபோஃபிளேவின் என்பதும் அதுதான். அதற்குச் செருப்பால் பயனில்லை, சத்துதான் கொடுக்க வேண்டும். கடையில் எதைக் கேட்டாலும் விமரால் எடுத்து நீட்டுவார்கள். அதில் இருப்பது ஏ, டி3, இ, பி12. பி2 கிடையாது. பி காம்ப்ளெக்ஸ் என்று கேட்டு, லேபிளில் ரைபோஃபிளேவின் அல்லது பி2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவு லேபிளில் உள்ளபடி, தண்ணீரில் கலந்து. வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

உங்கள் குஞ்சுக்குச் சத்துக் குறைவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தாய் காட்டில் பூச்சி, புழு, தழை, தானியம் என்று எல்லாம் தின்று இட்ட முட்டை. கூண்டில் ஒரே தீவனம் தின்னும் தாய்க்குத்தான் அந்தக் குறை வரும். இங்கே பேப்பரும், கூடு கலைந்த அன்று முட்டை குளிர்ந்ததும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூட்டுவலிக்கு மயில் எண்ணெய் என்று இன்னும் சந்தையில் ஒளித்து விற்கிறார்கள், வாங்கித் தடவ ஆளும் இருக்கிறது. ஒரு மயில் குஞ்சின் மூட்டைப் பார்க்க இத்தனை பேர் சேர்ந்தது எனக்குச் சந்தோஷம்.


ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

விதை ஊன்றினால் கிளறுது, தக்காளி பழுத்தால் கொத்துது, ராகி பால் பிடித்தால் கூட்டமாக இறங்குது. காட்டில் ராத்திரி பகலாகத் தகரம் தட்டுகிறோம். இங்கே ஒருவர் அதற்குச் செருப்பு தைக்கிறார்! நடத்துங்கள்.


காங்கேயம் கோழிக்காரம்மா எழுதியது:

மஞ்சள்காரரே, உங்கள் வயிற்றெரிச்சல் எங்கள் காட்டிலும் உண்டு. நிலக்கடலை போட்டுவிட்டு நானும் தட்டின தகரம்தான். அதற்காகக் கையில் கிடக்கும் குஞ்சைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

தம்பி, தீனி விஷயம். கோழித் தாய் தரையில் கொத்திக் காட்டி, கொக் கொக் என்று கூப்பிடும், கோழிக் குஞ்சு வந்து தரையிலிருந்து பொறுக்கும். மயில் குஞ்சு ஆரம்பத்தில் தாயின் அலகிலிருந்தே வாங்கித் தின்னும் ஜாதி. அதனால்தான் உங்கள் குஞ்சு தரையைப் பார்க்காமல் கோழியின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். கவனித்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். ஒரு சின்ன இடுக்கியில், அதுவும் இல்லாவிட்டால் நுனி மழுங்கின ஈர்க்குச்சியில், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளி ஒட்டி, அதன் கண் மட்டத்தில் காட்டி லேசாக ஆட்டுங்கள். ஒரு தடவை கொத்திவிட்டால் அப்புறம் பிடித்துக்கொள்ளும். மெதுவாகக் குச்சியைத் தட்டு வரைக்கும் இறக்கிப் பழக்குங்கள்.

குருணை மட்டும் போதாது. அதில் மாவுச்சத்துதான், உடம்பு கட்டாது. கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் சுற்றிப் புரதம் இருக்கும், இந்த இனத்துக்கு வான்கோழிக் குஞ்சு மாதிரி 28 சதவீதம் கிட்ட வேண்டும். காசு செலவில்லாத வழி கரையான். பழைய பானையில் ஈரச் சாக்கு, காய்ந்த சாணி, ஓலை அடைத்து, கரையான் புற்றுப் பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியக்காலையில் அள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுங்கள், ஏறினால் மண்ணுக்குள் போய்விடும். ஓடுகிற கரையானைப் பார்த்தால் தின்னத் தெரியாத குஞ்சும் கொத்தும், கொத்த ஓடுவதற்காகவே நொண்டிக் குஞ்சும் காலை ஊன்றும். எனக்கு அந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

சூட்டையும் பாருங்கள். கோழிக்கு அடியில் போக முடிந்த குஞ்சுக்கு அதன் உடம்புச் சூடே போதும். கால் கட்டிய குஞ்சு ராத்திரியில் வெளியே தனியாகக் கிடந்தால் விறைத்துவிடும். படுக்கப் போகுமுன் கையால் எடுத்துக் கோழிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கோழி அதை ஒதுக்கிக் கொத்தினால் மட்டும் பல்பு போட்டுத் தனியே வையுங்கள். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வாக்கில் குறைக்கலாம். தனியாக வைத்தால் துணைக்கு இன்னொரு குஞ்சு வேண்டும். ஒண்டியாக விட்டால் கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும்.

கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டியது நாளை மறுநாள். அவிழ்த்த உடனே சாக்கில் விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். காலை அடியில் வைத்து நடந்தால் திரும்பக் கட்ட வேண்டாம், லேசாக அகன்றாலும் தானே கூட்டிக்கொள்ளும். பழையபடி வழுக்கினால் புதுப் பிளாஸ்திரி.


நாமக்கல் ஓய்வூதியர் எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோழிகள் மேய்கிற தரையில் இந்தக் குஞ்சுகளை இறக்காதீர்கள். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டை வழியாக ஹிஸ்டோமோனியாசிஸ் என்ற நோய் பரவும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழியும் மயிலும் ஈரல் கெட்டுப் போகும். அடை வைத்த கோழியையே தாயாக வைத்திருப்பதில் அந்த ஆபத்து எப்படியும் இருக்கிறது, வனத்துறை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாக்கைத் தினம் மாற்றி வெயிலில் போடுங்கள்.


கிளுவைவேலி எழுதியது:

கட்டை அவிழ்த்தாயிற்று. நடக்கிறது! இடது கால் கொஞ்சம் வெளியே பார்த்தபடிதான் வைக்கிறது, ஆனால் வயிறு தரையில் இல்லை. அட்டைச் செருப்புக் குஞ்சுக்கு விரல் நேராகிவிட்டது, நடு விரல் நுனி மட்டும் லேசாக வளைந்திருக்கிறது. கரையான் வைத்தியம் அபாரம். சாக்கில் கொட்டியதும் மூன்றும் பாய்ந்தன.

அக்கா சொன்னபடியே கோழியின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு அதைக் காட்டியதும் ஈர்க்குச்சியோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முட்டை கிடைத்த இடத்தைப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் கூடு தெரிந்தால் பொக்லைனை நிறுத்திவிட்டு முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும், தாய் ஒரு நாள் கழித்துக்கூடத் திரும்பும் என்றார்கள். குஞ்சுகளைத் தனியாக எடுத்தால் கத்துகின்றன என்று கோழியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். கால் கட்டின விவரத்தையும், ஐயா சொன்ன நோயையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் ஒரே கேள்வி, கோழி எப்போது திரும்பி வரும் என்பது. நல்ல அடைக்கோழியாம்.


தஞ்சைவயல் எழுதியது:

மயிலுக்குத்தான் முதல் அட்டவணை, கோழிக்கு இல்லை. போய்க் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.


பல்லடம் வான்கோழி எழுதியது:

அக்கா, இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரில் வைத்த வான்கோழி முட்டையிலும் இந்த முறை விரிகால் நிறைய. பேப்பர் இல்லை, கம்பி வலைத் தட்டுதான். ஒரு நாள் முன்னாலேயே பொரித்துவிட்டது. கட்டிப் பார்க்கிறேன். அடுத்த முறை வராமல் இருக்க என்ன செய்வது?


காங்கேயம் கோழிக்காரம்மா எழுதியது:

ஒரு நாள் முன்னால் பொரித்தது என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. சூடு அதிகம். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லை என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 வரை இருக்கலாம், அடியில் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி ஏற்றிவிடக் கூடாது. பெட்டியோடு வந்த மீட்டரை மட்டும் நம்பாமல் மெடிக்கல் தெர்மாமீட்டரை முட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பாதீர்கள், ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் வையுங்கள், ஆசைக்குத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கம்பி வலையிலும் பிஞ்சுக் கால் இடுக்கில் போய் விரியும். 25ஆம் நாள் வலையின் மேல் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒன்றை வெட்டிப் போட்டுவிடுங்கள், கழுவித் திரும்ப வைக்கலாம்.

முட்டை எடுக்கும் தாய்களுக்கு என்ன போடுகிறீர்கள்? வெறும் மக்காச்சோளம் என்றால் அதில் மாங்கனீசு குறைவு. அரிசித் தவிடும் தழையும் சேருங்கள். இல்லாவிட்டால் சூட்டைச் சரிசெய்தும் நரம்பு நழுவின குஞ்சு இரண்டு வந்துகொண்டே இருக்கும்.